நத்தானியேல் ஹெரஷாஃப்

நத்தானியேல் கிரீன் ஹெரஷாஃப் (மார்ச் 18, 1848 – ஜூன் 2, 1938) ஐக்கிய அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தைச் சேர்ந்த படகு வடிவமைப்பாளரும் இயந்திரப் பொறியியலாளரும் ஆவார். இவர் வடிவமைத்த ஐந்து பாய்க்கப்பல்கள் 1893 முதல் 1920 வரையிலான காலத்தில் அமெரிக்கக் கோப்பைப் போட்டியை ஆறு முறை வென்றன. சிறுவர் பயிலும் சிறு படகு முதல் கடற்படையின் நீராவிப் படகு வரை இவருடைய வடிவமைப்புகள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை என மதிப்பிடப்படுகிறது. தம் சொந்த ஊரின் பெயரால் பிரிஸ்டலின் மந்திரவாதி என அழைக்கப்பட்டார்.

படகு வடிவமைப்பு ஒரு கலையா அல்லது அறிவியலா என்பது 19ஆம் நூற்றாண்டிலிருந்து தொடரும் ஒரு விவாதமாகும். இவ்விவாதத்தில் இரு தரப்பினருமே ஹெரஷாஃபைத் தம் தரப்புக்குச் சான்றாகக் காட்டுவதுண்டு. படகின் வடிவத்தை இவர் வரைபடமாக வரையாமல் மரத்தில் கையால் செதுக்கியே கண்டடைந்தார். அதே வேளை, முறையான பொறியியல் கல்வி பெற்று, படகின் எடையையும் வலிமையையும் கணக்கிட்டு நிறுவுவதில் தம் காலத்தவருள் முன்னணியில் நின்றார்.

பிறப்பும் குடும்பமும்

ஹெரஷாஃப் ரோட் தீவின் பிரிஸ்டல் நகரில் சார்லஸ் பிரெடெரிக் ஹெரஷாஃப், ஜூலியா ஆன் லூவிஸ் இணையரின் ஒன்பது பிள்ளைகளுள் ஒருவராகப் பிறந்தார். இவருடைய பாட்டனார் பிரஷ்யாவிலிருந்து குடியேறியவர். அமெரிக்க விடுதலைப் போரில் பங்காற்றிய தளபதி நத்தானியேல் கிரீனின் பெயரே இவருக்குச் சூட்டப்பட்டது. தந்தையார் படகோட்டுவதில் பெரும் ஈடுபாடு கொண்டிருந்தமையால் பிள்ளைகள் நாராகன்செட் விரிகுடாவின் நீரிலேயே வளர்ந்தனர்.

அக்குடும்பத்தில் பார்வையிழப்பு பலரைப் பாதித்தது. மூத்த தமையனார்களுள் ஒருவரான ஜான் பிரவுன் ஹெரஷாஃப் (1841–1915) பதின்ம வயதில் முற்றாகப் பார்வையிழந்தார். எனினும் 1863 அளவில் பிரிஸ்டலில் படகு கட்டும் தொழிலைத் தொடங்கினார். ஒரு மாதிரிப் படகைக் கைகளால் தடவியே அதன் வளைவுகளை மதிப்பிடும் திறன் அவருக்கு இருந்தது. மற்றொரு தமையனார் ஜேம்ஸ் கொதிகலன் உள்ளிட்ட பலவற்றைக் கண்டுபிடித்தவர். இளையவர் ஜான் பிரவுன் பிரான்சிஸ் புகழ்பெற்ற வேதியியலாளராக விளங்கினார்.

கல்வியும் தொழிற் பயிற்சியும்

1866 முதல் 1869 வரை அப்போது பாஸ்டன் நகரில் இயங்கிய மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஹெரஷாஃப் இயந்திரப் பொறியியல் பயின்றார். அக்கழகத்தில் வகுப்புகள் தொடங்கி ஓராண்டே ஆகியிருந்த காலம் அது. படகு கட்டுபவர்கள் தந்தையிடமோ ஆசானிடமோ தொழில் பழகுவதே வழக்கமாயிருந்த நிலையில், கணிதமும் இயந்திரவியலும் கற்று அத்தொழிலுக்கு வந்தவர்கள் மிகச் சிலரே.

1869இல் பிராவிடன்ஸ் நகரின் கார்லிஸ் நீராவி இயந்திர நிறுவனத்தில் பணியில் சேர்ந்தார். 1876இல் பிலடெல்பியாவில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சியின் எந்திரங்களையெல்லாம் அந்நிறுவனத்தின் 1,400 குதிரைத்திறன் கொண்ட பேரியந்திரம் ஒன்றே இயக்கியது. அதன் இயக்கத்தை ஹெரஷாஃப் மேற்பார்வையிட்டார். பணி நேரத்துக்கு அப்பால் தமையனாரின் பட்டறைக்குப் படகுகளையும் வடிவமைத்து வந்தார். 1871இல் கட்டப்பட்ட ஷேடோ என்னும் படகு அவற்றுள் ஒன்று. அது அகன்ற, ஆழமற்ற அமெரிக்கப் படகுகளுக்கும் குறுகிய, ஆழமான பிரித்தானியப் படகுகளுக்கும் இடைப்பட்ட வடிவம் கொண்டது. பத்தாண்டுகளுக்குப் பின், 1881இல், ஸ்காட்லாந்திலிருந்து வந்து அமெரிக்கப் படகுகளை வரிசையாகத் தோற்கடித்த மேட்ஜ் என்னும் படகை ஷேடோ ஒரு பந்தயத்தில் வென்றது.

இரட்டை உடற்படகு

1876இல் நியூயார்க் படகுக் கழகம் நடத்திய நூற்றாண்டு விழாப் பந்தயத்தில் ஹெரஷாஃப் அமரில்லிஸ் என்னும் விந்தையான படகுடன் கலந்துகொண்டார். ஏறத்தாழ 25 அடி நீளமுள்ள அதில் இரண்டு ஒடுங்கிய உடல்கள் குறுக்குச் சட்டங்களால் இணைக்கப்பட்டிருந்தன. அவ்விணைப்புகள் விறைப்பாக இராமல் குழிப்பந்து மூட்டுகளாக அமைந்தமையால் ஒவ்வோர் உடலும் அலைக்கேற்பத் தனித்தனியே ஏறி இறங்க முடிந்தது. அமரில்லிஸ் மற்றப் படகுகளை எளிதில் முந்தியது. தோற்றவர்கள் எதிர்ப்புத் தெரிவிக்கவே வெற்றி மறுக்கப்பட்டது. 1877இல் இவ்வமைப்புக்கு ஹெரஷாஃப் காப்புரிமை பெற்றார். எனினும் இவ்வகைப் படகுகள் வழமையான பந்தயங்களிலிருந்து விலக்கி வைக்கப்பட்டன.

இவ்வகைப் படகை ஆங்கிலத்தில் கட்டமரான் என்பர். இச்சொல் 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து தமிழின் கட்டுமரம் என்னும் சொல்லாகவே ஆங்கிலத்துக்குச் சென்றது. ஆயினும் கட்டுமரம் என்பது மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவை. அமரில்லிசோ உட்குழிவான இரு படகுடல்களை இணைத்தது. பெயர் ஒன்றாயினும் அமைப்பு வேறு என்பது குறிப்பிடத்தக்கது.

நிறுவனமும் நீராவிப் படகுகளும்

1878இல் நத்தானியேலும் ஜானும் இணைந்து ஹெரஷாஃப் உற்பத்தி நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். வணிகத்தையும் நிருவாகத்தையும் பார்வையற்ற ஜான் கவனித்தார். வடிவமைப்பும் பொறியியலும் நத்தானியேலின் பொறுப்பாயின. முதற் பத்தாண்டுகளில் நிறுவனத்தின் புகழ் பெரும்பாலும் நீராவிப் படகுகளாலேயே அமைந்தது. 1885இல் 94 அடி நீளமுள்ள ஸ்டிலெட்டோ, அட்சன் ஆற்றில் விரைவுக்குப் பெயர்பெற்ற மேரி பவல் என்னும் பயணிகள் கப்பலை முந்தியது. 1887இல் அமெரிக்கக் கடற்படை ஸ்டிலெட்டோவை வாங்கியது. 1890இல் பணியில் சேர்ந்த குஷிங் என்னும் நீர்மூழ்கிக்குண்டுப் படகும் இந்நிறுவனத்தில் கட்டப்பட்டதே.

1888இல் சே வென் என்னும் நீராவிப் படகின் விரைவுச் சோதனையின்போது கொதிகலனில் அழுத்தம் மிகுந்து காப்பு அடைப்பிதழ் திறந்துகொண்டது. எதிர்பார்த்த விரைவை எட்டுவதற்காக ஹெரஷாஃப் அதை மூடினார். கொதிகலன் வெடித்தது. பணியாளர் ஒருவர் காயமடைந்து உயிரிழந்தார். ஹெரஷாஃபின் நீராவிப் பொறியாளர் உரிமம் பறிக்கப்பட்டது. கொதிகலன் தாங்கும் எல்லையைப் பிறரைவிட நன்கு அறிந்திருந்த ஒருவர், தம் கணிப்பை நம்பி அக்கருவியின் எச்சரிக்கையை மீறியதன் விளைவு இது. அடுத்த சில ஆண்டுகளில் இவருடைய கவனம் பாய்ப்படகுகளின் பக்கம் திரும்பியது.

கலையா, அறிவியலா: காலப் பின்னணி

ஹெரஷாஃப் தொழிலுக்கு வந்த காலத்தில் படகின் வடிவத்தைக் கணிதத்தால் தீர்மானிக்க முடியும் என்னும் நம்பிக்கை ஐரோப்பாவில் வலுப்பெற்றிருந்தது. ஸ்காட்லாந்தவரான ஜான் ஸ்காட் ரசல், படகின் வளைவு ஒரு குறிப்பிட்ட அலைவடிவை ஒத்திருந்தால் நீரின் தடை மிகக் குறையும் என்னும் கோட்பாட்டை முன்வைத்தார். நார்வேயில் மீட்புப் படகுகளுக்குப் பெயர்பெற்ற காலின் ஆர்ச்சர் இக்கோட்பாட்டைத் திருத்தித் தம் படகுகளில் பயன்படுத்தினார்.

ஆங்கிலப் பொறியியலாளர் வில்லியம் புரூட் (1810–1879) இதைச் சோதனைக்கு உட்படுத்தினார். 1867இல் இரு வேறு வடிவங்களில் மாதிரிகள் செய்து ஆற்றில் இழுத்துப் பார்த்தார். ரசலின் கோட்பாட்டைத் தழுவிய கூரிய வடிவம் ஒரு விரைவிலும், மழுங்கிய வடிவம் மற்றொரு விரைவிலும் சிறந்து விளங்கின. எல்லா விரைவுகளுக்கும் உகந்த ஒரே வளைவு என ஒன்றில்லை என்பது இதனால் தெளிவாயிற்று. மாதிரியில் அளந்த தடையிலிருந்து முழுக் கப்பலின் தடையைக் கணிக்கும் வழியையும் புரூட் வகுத்தார். 1872இல் டார்க்கீ நகரில் இவருடைய சோதனைத் தொட்டி இயங்கத் தொடங்கியது. 1883இல் ஸ்காட்லாந்தின் டம்பார்டன் நகரில் டென்னி நிறுவனம் வணிக நோக்கிலான முதல் தொட்டியை அமைத்தது.

அமெரிக்காவில் இதற்கு மாறாக, மரத்தில் மாதிரி செதுக்கி அதன்படி படகு கட்டும் மரபே ஓங்கியிருந்தது. பொறியியல் கற்றவராயினும் ஹெரஷாஃப் இம்மரபைக் கைவிடவில்லை.

வடிவமைக்கும் முறை

படகின் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றையொன்று ஒத்தவை. ஆகவே ஒரு பாதியைச் செதுக்கினாலே போதுமானது. இதற்கு அரை மாதிரி என்று பெயர். ஹெரஷாஃப் மென்மையான பைன் மரத்தில் அரை மாதிரியைச் செதுக்கி, கண்ணுக்கும் விரலுக்கும் குறை தென்படாத வரை இழைத்தார். ஜானின் விரல்களும் அம்மாதிரிகளின் மீது ஓடின.

மாதிரி முடிந்ததும் கணக்கு தொடங்கியது. தாமே அமைத்த அளவைக் கருவியால் குறிப்பிட்ட இடைவெளிகளில் மாதிரியின் அகலத்தையும் உயரத்தையும் நுட்பமாக அளந்து சிறு குறிப்பேட்டில் எழுதினார். அவ்வெண்களிலிருந்து படகு வெளியேற்றும் நீரின் எடை, மிதப்பு மையம், பாய்களின் மையம் ஆகியன கணக்கிடப்பட்டன. அவ்வெண்களே பட்டறையில் முழு அளவில் கோடுகளாக வரையப்பட்டன. இதனால் படகுடலின் வளைவுகளைக் காட்டும் வரைபடம் தேவைப்படவில்லை. மாறாக, இயந்திரங்கள், இணைப்புகள், பாய்மரங்கள் போன்ற உறுப்புகளுக்கு அவர் மிகத் துல்லியமான வரைபடங்களை வரைந்தார்.

வங்குகள் (படகின் விலா எலும்புகள் போன்ற வளைசட்டங்கள்), பலகைகள், ஆணிகள் ஆகியவற்றின் பருமனை முடிவு செய்வதில் இவர் கண்ணை நம்பவில்லை. படகின் அளவுக்கேற்ப ஒவ்வோர் உறுப்பும் எவ்வளவு தடிமன் கொண்டிருக்க வேண்டும் என்பதற்கு வாய்பாடுகளை உருவாக்கினார். வலிமைக்குத் தேவையான அளவுக்கு மேல் ஓர் இறாத்தல் எடையும் கூடாது என்பது இவருடைய கொள்கை. சிறு படகுகள் கவிழ்த்த நிலையில், ஒவ்வொரு வங்குக்கும் ஓர் அச்சு வைத்துக் கட்டப்பட்டன. இதனால் ஒரே வகைப் படகுகள் பலவற்றை வேறுபாடின்றிக் கட்ட முடிந்தது.

குளோரியானா

1891இல் எட்வின் மார்கன் என்பவருக்காகக் கட்டப்பட்ட குளோரியானா பாய்ப்படகு வடிவமைப்பில் ஒரு திருப்பமாகக் கருதப்படுகிறது. அதுவரை படகின் அணியம் (முன்முனை) நீருக்குள் செங்குத்தாக இறங்குவதே வழக்கம். குளோரியானாவில் அணியத்தின் அடிப்பகுதி வெட்டிக் குறைக்கப்பட்டு, முன்முனை நீருக்கு மேலே நீண்டு சாய்ந்திருந்தது. பந்தய விதிகள் படகு நிமிர்ந்து நிற்கும்போதுள்ள நீர்மட்ட நீளத்தையே அளந்தன. காற்றில் படகு சாய்ந்தபோது நீண்டிருந்த முனைகளும் நீரில் படிந்து, நீர்மட்ட நீளம் கூடியது. நீர்மட்ட நீளம் கூடினால் படகு எட்டக்கூடிய விரைவும் கூடும். அப்பருவத்தில் குளோரியானா கலந்துகொண்ட எட்டுப் பந்தயங்களிலும் வென்றது. அதே ஆண்டில் கட்டப்பட்ட டிலெம்மா என்னும் படகில், தகட்டுத் துடுப்பின் நுனியில் ஈயக்குமிழ் பொருத்திய அடிக்கட்டை அமைப்பை ஹெரஷாஃப் பயன்படுத்தினார்.

அமெரிக்கக் கோப்பை

1893இல் விஜிலன்ட், 1895இல் டிபெண்டர், 1899, 1901 ஆகிய இரு ஆண்டுகளில் கொலம்பியா, 1903இல் ரிலையன்ஸ், 1920இல் ரெசல்யூட் என ஹெரஷாஃபின் படகுகள் தொடர்ந்து கோப்பையைக் காத்தன. 1893இல் விஜிலன்டின் சுக்கானைப் பிடித்தவரும் இவரே.

இவ்வெற்றிகளில் பிழைகளும் இருந்தன. டிபெண்டரில் எடையைக் குறைப்பதற்காக நீருக்கு மேலுள்ள பகுதிக்கு அலுமினியத் தகடுகளும், கீழ்ப்பகுதிக்கு வெண்கலத் தகடுகளும் பயன்படுத்தப்பட்டன. உப்பு நீரில் இரு உலோகங்களுக்கிடையே மின்வேதி அரிப்பு ஏற்பட்டுப் படகு விரைவில் சிதைந்தது. அது போட்டியை வென்றது. ஆனால் 1901இல் உடைக்கப்பட்டது.

1903இல் கட்டப்பட்ட ரிலையன்ஸ், கோப்பைக்காகப் போட்டியிட்ட ஒற்றைப் பாய்மரப் படகுகளுள் மிகப் பெரியது. முன்கழியின் நுனி முதல் பின்புறப் பாய்க்கழியின் முனை வரை 201 அடிக்கும் மேற்பட்ட நீளமும், 16,160 சதுர அடி பாய்ப்பரப்பும் கொண்டிருந்தது. பாய்க் கயிறுகளை இழுக்கும் உருளைப் பொறிகள் தளத்துக்குக் கீழே அமைந்திருந்தன.

1901ஆம் ஆண்டுப் போட்டி

கலையும் அறிவியலும் நேருக்கு நேர் மோதியதாகப் பலரும் குறிப்பிடுவது 1901ஆம் ஆண்டுப் போட்டியையாகும். இலங்கைத் தேயிலை வணிகத்தால் பெயர்பெற்ற சர் தாமஸ் லிப்டன், இரண்டாம் ஷாம்ராக் என்னும் படகுடன் அறைகூவல் விடுத்தார். அதை வடிவமைத்த ஜார்ஜ் லெனாக்ஸ் வாட்சன், டம்பார்டன் தொட்டியில் பல மாதிரிகளை இழுத்துச் சோதித்தே வடிவத்தை முடிவு செய்தார். எதிர்த்து நின்ற கொலம்பியாவோ அரை மாதிரியிலிருந்து பிறந்த, இரண்டு ஆண்டுகள் பழைமையான படகு.

கொலம்பியா மூன்று பந்தயங்களிலும் வென்றது. ஆயினும் கடைசிப் பந்தயத்தில் ஷாம்ராக் இரண்டு நொடிகள் முன்னதாகவே இலக்கைக் கடந்தது. அளவு வேறுபாட்டுக்காக வழங்கப்படும் நேரச் சலுகையின்படி 41 நொடிகளால் கொலம்பியா வெற்றி பெற்றது. இவ்வளவு சிறிய வேறுபாட்டைக் கொண்டு தொட்டிச் சோதனை தோற்றது எனக் கூறுவது பொருந்தாது. மேலும், அவ்வாண்டு ஹெரஷாஃப் புதிதாக வடிவமைத்த கான்ஸ்டிடியூஷன் என்னும் படகே தெரிவுப் பந்தயங்களில் பழைய கொலம்பியாவிடம் தோற்றிருந்தது. கொலம்பியாவைச் செலுத்திய சார்லி பார் என்னும் தலைவரின் திறமையும் வெற்றிக்கு முக்கிய காரணமாகும்.

அக்காலத் தொட்டிகளில் மாதிரிகள் நிமிர்ந்த நிலையில் நேராக இழுக்கப்பட்டன. உண்மையான பாய்ப்படகோ காற்றில் சாய்ந்தும், பக்கவாட்டில் சற்றே நழுவியும் செல்வது. இவ்விரண்டையும் கணக்கில் கொள்ளும் சோதனை முறை 1930களில்தான் கென்னத் டேவிட்சன் என்பவரால் ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவாக்கப்பட்டது. அதுவரை தொட்டி அளக்க இயலாததைக் கைதேர்ந்தவரின் கண் நிரப்பி வந்தது எனலாம்.

அளவை விதி

ரிலையன்ஸ் போன்ற படகுகள் பந்தயத்துக்கு மட்டுமே உதவின. நீண்டு தொங்கும் முனைகளும் அளவு மீறிய பாய்களும் கொண்ட அவை, பின்னர் எவருக்கும் பயன்படாமல் உடைக்கப்பட்டன. இப்போக்கைத் தடுக்க நியூயார்க் படகுக் கழகத்துக்காகப் புதிய அளவை விதியை வகுத்தவரும் ஹெரஷாஃபே. நீளத்தைப் பாய்ப்பரப்பின் வர்க்கமூலத்தால் பெருக்கி, வெளியேற்றும் நீரின் கனமூலத்தால் வகுப்பது இதன் அடிப்படை. படகின் எடை வகுக்கும் இடத்தில் வந்தமையால், போதிய உடற்பருமன் கொண்ட நல்ல படகுகள் தண்டிக்கப்படவில்லை. பொது விதி எனப்பட்ட இதன்படியே 1920 முதல் 1937 வரை கோப்பைப் போட்டிகள் நடைபெற்றன.

சிறு படகுகள்

கோப்பைப் படகுகளில் எதுவும் இன்று எஞ்சவில்லை. ஹெரஷாஃபின் சிறு படகுகளே நிலைத்தன. 1912இல் பெர்முடா தீவில் குளிர்காலத்தைக் கழிப்பதற்காகத் தமக்கென 26 அடி நீளத்தில் அலெரியன் என்னும் படகை வடிவமைத்தார். ஆழமற்ற அடிக்கட்டையும், தேவைப்படும்போது கீழே இறக்கக்கூடிய நடுப்பலகையும் கொண்ட அதன் வளைவுகள் இவருடைய மிகச் சிறந்த படைப்புகளுள் ஒன்றாக மதிக்கப்படுகின்றன. இப்படகு கனெக்டிகட் மாநிலத்தின் மிஸ்டிக் துறைமுக அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

1914இல் மாசசூசெட்ஸ் கரையின் பசார்ட்ஸ் விரிகுடாவில் சிறுவர்கள் படகோட்டப் பழகுவதற்கு ஒரு படகு வேண்டப்பட்டது. அவ்விரிகுடாவில் கோடைப் பிற்பகல்களில் பலத்த காற்றும் குட்டையான செங்குத்து அலைகளும் எழும். ஹெரஷாஃப் வடிவமைத்த படகு நீர்மட்டத்தில் 12½ அடியும் முழு நீளத்தில் ஏறத்தாழ 16 அடியும் கொண்டது. அந்நீளமே அதன் பெயராகவும் நிலைத்தது. மொத்த எடையில் ஏறத்தாழப் பாதி அடிக்கட்டையின் ஈயமாக அமைந்தமையால் படகு எளிதில் கவிழாது. அகன்ற உடல் அலைகளைத் தாங்கியது. அனுபவமற்ற கைகளில் விடப்படும் படகு என்பதால் வடிவமைப்பாளரின் பிழைக்கு இதில் இடமில்லை. 1943 வரை இவ்வகையில் 300க்கும் மேற்பட்ட படகுகளை ஹெரஷாஃப் நிறுவனம் கட்டியது. பிற நிறுவனங்கள் இவ்வடிவைத் தொடர்ந்து கட்டி வந்துள்ளன.

இறுதிக்காலம்

ஹெரஷாஃப் 1883இல் கிளாரா டிவுல்ஃபை மணந்தார். இவர்களுக்கு ஆறு பிள்ளைகள். 1905இல் கிளாரா மறைந்தார். 1915இல் ஆன் ரோபக்கை மணந்தார். அதே ஆண்டில் ஜானும் காலமானார். வணிகப் பொறுப்பை ஏற்க எவருமின்றி, 1917இல் நிறுவனம் பிறர் கைக்கு மாறியது. 1924இல் ஏலத்தில் விற்கப்பட்டு, பிரிஸ்டலைச் சேர்ந்த ருடால்ஃப் ஹாஃபன்ரெஃபரிடம் சென்றது. இரண்டாம் உலகப் போரின் முடிவோடு படகு கட்டும் பணி நின்றது.

ஹெரஷாஃப் 90ஆம் அகவையில் பிரிஸ்டலில் காலமானார். மக்களுள் சிட்னி, பிரான்சிஸ் ஆகியோர் படகு வடிவமைப்பாளர்களாயினர். பிரான்சிஸ் தந்தையாரின் வரலாற்றை 1953இல் நூலாக வெளியிட்டார்.

மதிப்பீடு

ஹெரஷாஃப் தம் வடிவங்களுக்கான கோட்பாடு எதையும் நூலாக எழுதவில்லை. உறுப்புகளின் பருமனுக்கான விதிகள் எண்களாக இருந்தமையால் மற்றவர்களும் அவற்றைப் பின்பற்ற முடிந்தது. வளைவுகள் குறித்த அறிவோ அரை மாதிரிகளிலேயே தங்கிவிட்டது. கணக்கால் சொல்லக்கூடியது எங்கே முடிகிறது என்பதை இவ்வேறுபாடே காட்டுகிறது எனலாம்.

1983இல் நியூயார்க் படகுக் கழகம் 132 ஆண்டுகள் வைத்திருந்த கோப்பையை ஆஸ்திரேலியா II என்னும் படகிடம் இழந்தது. அப்படகின் சிறகுடைய அடிக்கட்டை நெதர்லாந்தின் சோதனைத் தொட்டியில் உருவானது. 1901இல் தவறிய வெற்றியைத் தொட்டி அன்று பெற்றது.

பிரிஸ்டலில் 1971இல் தொடங்கப்பட்ட ஹெரஷாஃப் கடல்சார் அருங்காட்சியகத்தில் இவருடைய நூற்றுக்கணக்கான அரை மாதிரிகள் வைக்கப்பட்டுள்ளன. அவற்றிலிருந்தும் அளவுக் குறிப்பேடுகளிலிருந்தும் அளவுகளை மீட்டுப் பழைய படகுகள் பல மீண்டும் கட்டப்பட்டுள்ளன. 1993இல் இவருடைய பெயர் அமெரிக்கக் கோப்பைப் புகழ்க்கூடத்தில் சேர்க்கப்பட்டது. 2001இல் வெளியான ரோட் தீவு மாநிலக் கால் டாலர் நாணயத்தில் காணப்படும் பாய்ப்படகு ரிலையன்சைத் தழுவியதாகும்.